ஐஸில் நான் போட்ட உப்பு

தம்பி, நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு நம் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் தெர்மாமீட்டர் பன்னிரண்டு டிகிரி காட்டியது. வாசலில் முப்பத்தைந்து. மின்சாரம் இல்லை, ஐஸும் இல்லை. ஒரு லிட்டர் பானைத் தண்ணீர், அரைக்கிலோ யூரியா, ஒரு மரக்கரண்டி, அவ்வளவுதான். கரைக்கக் கரைக்கக் கண்ணாடிக் குழாயில் சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டே போனது. இருபத்தாறு, இருபத்திரண்டு, பதினேழு என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வாளியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்தது. எனக்கும் வியர்த்தது. அறுபத்தெட்டு வயதில் நான் இப்படி ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன்.

இந்தக் கடிதம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பேத்தி தர்ஷினி விஷயத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்த லீவுக்கு அவளை அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரும். போனில் இந்தப் பேச்சை எடுத்தால், "வேற எதுனா இருந்தா சொல்லும்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த கை இது, எழுத்து கோணலாக இருக்கும். நிதானமாகப் படி. கடையில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டில் உட்கார்ந்து படி.

போன சித்திரையில் நடந்தது உனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று, எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று. உனக்குத் தெரிந்தது: குழந்தைக்குச் சர்க்கரை வியாதி, நாலு வேளை இன்சுலின் ஊசி, பத்து நாளைக்கு என்று சேலத்திலிருந்து கொண்டுவந்து என்னிடம் விட்டாய். மருந்துப் புட்டியை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாய். ஊசி போடுவதைத் தர்ஷினியே எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பதினொரு வயதுப் பெண் தன் தொடையைத் தானே பிடித்துக்கொண்டு, "ஆயா, கை நடுங்கக் கூடாது, நடுங்கனா எனக்குத்தான் வலிக்கும்" என்றாள். நான் நடுங்காமல் போட்டேன். ஆறாம் நாள் மலையிலிருந்து இறங்கின காற்றில் புளியமரம் சாய்ந்து கரண்டு கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தது. மூன்று நாள் ஊரே இருட்டு. ஃபிரிட்ஜ் வெறும் பீரோவாக நின்றது. கச்சிராயபாளையத்திலிருந்து வருகிற ஐஸ்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி, நீ கொடுத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு மருந்தைக் காப்பாற்றினேன். இதுவரை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். அந்த ஐஸில் நான் உப்புப் போட்டேன். இரண்டு கை நிறையக் கல்லுப்பு. ஐஸ்காரர் தன் டப்பாவில் போடுவதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். "இன்னாத்துக்குங்க உப்பு?" என்று கேட்டதற்கு, "உப்பு போட்டாத்தான் குச்சி ஐஸு கல்லாட்டம் நிக்கும், இல்லன்னா கொழகொழன்னு பூடும்" என்றார். எனக்கு அது அப்படியே மனசில் உட்கார்ந்துவிட்டது. உப்புப் போட்ட மாங்காய் கெடுவதில்லை, கருவாடு கெடுவதில்லை. அப்படியானால் உப்புப் போட்ட ஐஸும் கெடாது, அதற்குள் இருக்கிற மருந்தும் கெடாது. இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். புட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த ஐஸின் நடு வயிற்றில் புதைத்தேன். காலையில் எடுத்தால் உள்ளே மருந்து கட்டியாக நின்றது. நான் பயந்தேனா என்றால் இல்லை. பெருமைப்பட்டேன். ஊரில் மோர் கூடப் புளித்துப்போன நாளில் நான் மருந்தை இவ்வளவு சில்லென்று வைத்திருக்கிறேனே என்று. உள்ளங்கையில் வைத்து உருட்டி உருக்கினேன். பொடிப் பொடியாக வெள்ளையாக ஏதோ மிதந்தது, குலுக்கினேன். அதைத்தான் குழந்தைக்குப் போட்டேன், இரண்டு நாள்.

அளவு தப்பவில்லை, வேளை தப்பவில்லை. ஆனாலும் சுகர் மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. முந்நூறு, நானூறு. கடைசியில் எண்ணே வராமல் இங்கிலீஷ் எழுத்து இரண்டு வந்தது. எனக்கு எண் தெரியும், அந்த எழுத்து தெரியாது. குழந்தை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள், மூச்சு வாங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பையைக் கொட்டினேன். உள்ளே பதினொரு பலாக்கொட்டை இருந்தது. அப்போதே எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

"திருட்டுத்தனமா பலாப்பழம் தின்னியாடி?"

"திங்கல ஆயா. கொட்டை நடறதுக்கு. மலைக்காரங்க தின்னுட்டுப் போட்டது, சேலத்துல டப்பாவுல நடலாம்னு பொறுக்கினேன்."

"பொய் சொல்லாத. கொட்டை கீது, பழம் எங்க பூட்ச்சி?"

அந்த நிலைமையிலும் அவள் ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி போகிற வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே திட்டிக்கொண்டு போனேன். பயத்தில் திட்டினேன் என்று சொல்லலாம். ஆனால் திட்டு திட்டுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். "பாட்டி, மருந்த எப்படி வெச்சிருந்தீங்க?" "ஐஸ்லதான் சார்." "ஐஸ் பக்கத்துலயா, ஐஸுக்கு உள்ளயேவா?" நல்ல கேள்வி அது, தம்பி. சரியான இடத்தில் கையை வைத்த கேள்வி. எனக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் ஏதோ என் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, செய்தி கேட்டு உன்னோடு வந்திருந்த உன் மாமியார் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். உன் கல்யாணத்தில் என் வரிசைத் தட்டில் ஆப்பிள் எத்தனை என்று விரலை விட்டு எண்ணினவர். "படிக்காதவங்க கையில மருந்த குடுத்தா இப்பிடித்தான் ஆவும்" என்றார், என்னைப் பார்த்துக்கூட இல்லை, டிரிப் பாட்டிலைப் பார்த்து. அந்த வார்த்தை விழுந்த அடுத்த நொடி நான் சொன்னேன்: "மருந்து நல்லாத்தான் சார் இருந்திச்சி. கொழந்ததான் பலாப்பழத்த தின்னுட்டா." டாக்டரின் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அவர் புது மருந்து எழுதினார், இரண்டு நாளில் குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். எல்லோரும் பலாப்பழத்தை நம்பினீர்கள். நீ நீலக் கட்டம் போட்ட சட்டையில் வார்டு வாசலில் நின்றுகொண்டு, "இனிமே உன்ன நம்பி உடறதா இல்லம்மா. ஒரு கொழந்தய பாத்துக்க தெரியல" என்றாய். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உனக்கே தெரியும், எனக்கு வந்த வார்த்தையை நான் தொலைப்பதில்லை.

ஆனால் என் வாயிலிருந்து போன வார்த்தையை மறந்துவிட்டேன். இந்த மாசியில்தான் அது திரும்பி வந்தது. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நம் நர்சம்மா வந்திருந்தார். அந்த நீலப் பெட்டியைத் திறந்து ஐஸ் பையை எடுத்துக் காதுக்கிட்டே வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். இன்னாம்மா, தேங்காய் வாங்கறியா என்று கேட்டேன்.

"உள்ள தண்ணி ஆடுதான்னு பாக்கறேன் ஆயா. ஆடணும். அப்பிடியே பாறையா இருக்கற ஐஸ வெச்சா ஊசி மருந்து ஒறைஞ்சி பூடும். ஒறைஞ்சா வீண். தூக்கிப் போட வேண்டியதுதான்."

"எல்லா மருந்துமா?"

"எல்லாம்னு இல்ல. இதுல செலது. இன்சுலினு கூட அப்பிடித்தான். ஒறைஞ்சி உருகனா அதுல வேல செய்யற சத்து செத்துப் பூடும். பாக்கறதுக்கு மருந்தாட்டமே இருக்கும்."

ஊசிக்காக நான் கையில் பிடித்திருந்த பிள்ளையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கீழே போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "ஏம்மா, ஐஸ்ல உப்பு போட்டா இன்னா ஆவும்?"

நர்சம்மா சிரித்தார். "இன்னா ஆயா, குச்சி ஐஸ் யாவாரம் பண்ணப் போறியா? உப்பு போட்டா ஐஸு இன்னும் ஜில்லுன்னு ஆவும். சைபருக்குக் கீழ பூடும்."

"உப்பே ஜில்லுன்னு இல்லயே. அது எப்பிடி ஐஸ ஜில்லுன்னு ஆக்கும்?"

அவர் பன்னிரண்டாவதில் கெமிஸ்ட்ரி படித்தவர். பெட்டியை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஐஸு மேல எப்பவும் துளி தண்ணி ஒட்டிக்கினு இருக்கும் பாரு, உப்பு அதுல கரையும். உப்புத் தண்ணி சைபர்ல ஒறையாது, அதுக்கும் கீழ போனாத்தான் ஒறையும். அதனால பக்கத்துல இருக்கற ஐஸு உருகிக்கினே போவும். உருகறதுன்னா சும்மாவா? சூடு வேணும். அந்தச் சூட்ட எங்கருந்து எடுக்கும்? பக்கத்துல எது கீதோ அதுங்கிட்டருந்து புடுங்கிக்கும்."

பக்கத்தில் இருந்தது என் பேத்தியின் மருந்துப் புட்டி.

நான் யாரையும் வாய்ச்சொல்லால் நம்புகிறவள் இல்லை, நர்சம்மாவையும் சேர்த்து. அடுத்த நாளே கள்ளக்குறிச்சி போய் மீன்தொட்டி விற்கிற கடையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். "எத்தினி மீனு வளக்கறீங்க பாட்டி?" என்று கடைக்காரன் கேட்டான். ஒன்றுமில்லை என்றதற்கு ஒரு மாதிரி பார்த்தான். ஐஸ்காரரிடம் அதே அளவு கட்டி வாங்கினேன். உடைத்துப் போட்டு வைத்துப் பார்த்தால் கோடு சைபரில் நின்றது. எவ்வளவு நேரம் வைத்தாலும் சைபர்தான், பிடிவாதமாக. இரண்டு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கினேன். கோடு சைபரைத் தாண்டி இறங்கி, எழுதியிருந்த கடைசிக் கோட்டுக்கும் கீழே குண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு பழைய டானிக் புட்டியில் தண்ணீர் ஊற்றி நடுவில் புதைத்துவிட்டுச் சோறு வடித்தேன். வந்து எடுத்தால் புட்டிக்குள் தண்ணீர் கட்டியாக நின்றது. போன சித்திரையில் நான் பெருமைப்பட்ட அதே கட்டி. அன்றைக்கு வடித்த சோற்றை நான் சாப்பிடவில்லை.

அதை அன்றே உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெறுங்கையோடு வந்து தப்பை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. கையில் ஏதாவது இருக்க வேண்டும். உறையாமலும் வேண்டும், சூடாகாமலும் வேண்டும், கரண்டு போனாலும் நிற்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்த மறுநாள் மக்காச்சோளக் கொல்லையில் இலைக்குத் தெளிக்க யூரியா கரைக்கிற வேலை. வாளியில் கையை விட்டேன், விரல் மரத்துப்போனது. நாற்பது வருஷமாகக் கரைக்கிறேன், தம்பி. ஒவ்வொரு தடவையும் கை சில்லிட்டுப் போகும், வெயிலுக்கு நல்லா இருக்கு என்று நாங்கள் நாலு பேர் மாறி மாறிக் கையை விடுவோம். ஏன் சில்லிடுகிறது என்று ஒரு நாள்கூட ஒருத்தியும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் கேட்டேன். கொல்லைக்காரரிடம் சொல்லி ஒரு மூட்டையின் அடியில் மிஞ்சினதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் கரையாத பொருள் இல்லை. கல்லுப்பை வெறும் தண்ணீரில் கரைத்தேன், ஒன்று இரண்டு டிகிரிதான் இறங்கியது. வெறும் தண்ணீரில் இவ்வளவு சாதுவாக இருக்கிற உப்பு ஐஸோடு சேர்ந்தால் அந்த ஆட்டம் ஆடுகிறதே என்று எனக்கு ஆச்சரியம். பொட்டாஷ் கரைத்தேன், நன்றாகவே இறங்கியது. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்தேன், அது கொதித்துக்கொண்டு மேலே வந்தது, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில், தனித்தனி நாளில்தான் செய்தேன். கலந்து பார்க்கிற புத்தியில்லாத வேலையெல்லாம் செய்யவில்லை. தர்ஷினி இங்கே விட்டுப்போன கோடு போட்ட நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை நர்சம்மா வந்தபோது நோட்டை நீட்டினேன். பார்த்துவிட்டு, "நீ இன்னா ஆயா, லேபு வெச்சிக்கினு இருக்கற" என்றார்.

"ஏன் ஒன்னு ஜில்லுன்னு ஆவுது, ஒன்னு சூடாவுதுன்னு சொல்லு. அப்பாலிக்கா கேலி பண்ணு."

"சொல்றேன். யூரியா மணிய எடுத்துக்க. உள்ள அதுங்க எல்லாம் ஒன்ன ஒன்னு கெட்டியா புடிச்சிக்கினு நிக்குதுங்க. தண்ணி போயி பிரிக்கணும். பிரிக்கத் தெம்பு வேணும் இல்ல, அந்தத் தெம்புதான் சூடு. அதத் தண்ணிகிட்டருந்தே எடுத்துக்குது. பிரிஞ்சப்புறம் தண்ணி அதுங்கள அணைச்சிக்கும், அப்ப கொஞ்சம் சூடு திரும்பி வரும். வாங்கனது ஜாஸ்தி, திருப்பிக் குடுத்தது கம்மி. அதான் ஜில்லுன்னு ஆவுது."

"அப்ப என் பையன் பேட்டரி கடையில ஊத்தற ஆசிட்டு?"

"அது வேற ஜாதி ஆளு. தண்ணிய கண்டா பாஞ்சி கட்டிக்கும். பிரியறதுக்கு ஆன செலவவிட கட்டிக்கிறதுல வர்ற சூடு பல மடங்கு ஜாஸ்தி. அதனாலதான் கொதிக்குது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. தண்ணீருக்குள் போகிற எதுவும் சும்மா கரைந்து மறைவதில்லை, தம்பி. வாங்குகிறது, கொடுக்கிறது, மிச்சம் கையில் தெரிகிறது. நான் கழுவின பாத்திரம், கரைத்த உப்பு, மெழுகின தரை, எல்லாவற்றிலும் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தின என் பெரியப்பாவை நான் மன்னித்ததில்லை. இப்போது இன்னும் ஒரு காரணம் சேர்ந்துவிட்டது.

யூரியா வாளியின் சங்கதி இது: பன்னிரண்டு வரை வரும். அதற்குள் மூடி போட்ட டப்பாவில் புட்டியை வைத்து, வாளியைக் கோணியால் சுற்றினால் இரண்டு மணி நேரம் இருபதுக்குள் நிற்கும், பிறகு மெல்ல ஏறிவிடும். எவ்வளவு போட்டாலும் சைபருக்கு வந்ததே இல்லை, உறைந்துபோகிற பயம் இல்லை. ஆனால் நாள் முழுவதும் இதை நம்ப முடியாது. நர்சம்மாவும் அதைத்தான் சொன்னார். அதற்கு வேறு வைத்திருக்கிறேன். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. இருபது நாளாகக் காலை, மத்தியானம், பொழுது சாய்கிற நேரம் என்று மூன்று வேளையும் எழுதியிருக்கிறேன், ஒரு நாள்கூட இருபத்தைந்தைத் தாண்டவில்லை. திறந்த புட்டிக்கு அது போதும், திறக்காத புட்டி மட்டும் எதிர்வீட்டு ஃபிரிட்ஜில், ஐஸ் அறையிலிருந்து தள்ளி, கதவுப்பக்கம் இருக்க வேண்டும் என்றார் நர்சம்மா. கரண்டு போனால் அதுவும் சட்டிக்கு வந்துவிடும். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மட்டும் வாளி. நம்பிக்கை இல்லையென்றால் குழந்தையைப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுவிட்டு முடிவு செய். மருந்து உறைந்தது என்று சந்தேகம் வந்தால்கூடத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுக்கு ஓடுவேன்.

இதை எழுதும்போது உன் இடது முழங்கை ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வயதில் பேட்டரிக் கடையில் சேர்ந்து மூன்றாம் மாதம், அவசரத்தில் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினாய். தண்ணீரில் அல்லவா ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். "மேலாப்புலயே கொதிச்சித் தெறிச்சிடுச்சிம்மா" என்று கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாய். உன்னைத் தனியாக விட்டுப்போன அந்த முதலாளியை நான் பல வருஷம் சபித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புண் ஆறி நீ திரும்பிப் போன அன்று அந்த மனுஷர் உன்னைக் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. ஆசிட் ஜாடியை உன் முன்னால் வைத்து, "இன்னிக்கி நீதான் கலக்கற, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ அதை நாலு தடவை சொன்னாய். இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறாய். இதை எனக்காக வாதாட எடுத்து வைத்திருந்தேன். அவருக்கு உன்னிடம் இருந்த மனசு உனக்கு என்னிடம் இல்லையே என்று கேட்கத்தான் போன வாரம் வரைக்கும் மனசுக்குள் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மருமகள் போன் செய்தாள். வேறு ஏதோ பேசிக்கொண்டே வந்தவள் சொன்னாள்: "அத்த, அவரு டெய்லி தர்ஷினி ஸ்கூல் பையக் கொட்டிப் பாக்கறாரு. தின்பண்டம் இருக்கான்னு. ஒரு வருஷமா. மொதல்ல அழுதுக்கினு இருந்தா. இப்ப அழறதில்ல. வந்ததும் அவளே பையக் கொண்டாந்து அவரு முன்னாடி வெச்சிட்டு, கையக் கட்டிக்கினு நிக்கறா."

அன்றைக்கு வாளி, சட்டி, நோட்டு எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை. நான் சொன்ன ஒரு பொய் என் மானத்தை ஒரு சாயங்காலம் காப்பாற்றிவிட்டு, உன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு தினமும் ஒரு குழந்தையைக் கையைக் கட்டி நிற்க வைத்திருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. உன் பெண் செத்துப் பிழைத்ததைப் பார்த்தவன், பயத்தில் செய்கிறாய். என்னை நம்பித்தான் செய்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை நம்பி இனி விடமாட்டேன் என்று சொன்னவன், என் வார்த்தைகளிலேயே மோசமான வார்த்தையை மட்டும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அதனால் இப்படிச் செய். இன்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் இதைப் படித்து முடி. அவள் வந்து பையை வைத்தால், எடுத்து அவள் தோளிலேயே மாட்டிவிடு. அவளையும் அவள் அம்மாவையும் உட்கார வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. உப்புப் போட்ட இடத்தை வேகமாகத் தாண்டாதே. டாக்டர் கேள்வியைத் தாண்டாதே. பலாக்கொட்டை நடுவதற்காகத்தான் பொறுக்கினாள், ஒரு சுளைகூடத் தின்னவில்லை, பாட்டி பொய் சொன்னாள் என்று உன் வாயால் சொல். உன் மாமியாரிடமும் சொல். அவர் நெஞ்சு நிறையச் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்த ஒரு தடவைக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அதற்கு மேல் சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு, லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போகிறாயா என்று அவளிடம் கேள். நீ முடிவு செய்யாதே, என்னையும் முடிவு செய்ய விடாதே. வருகிறேன் என்றால், பஸ் எது என்று மட்டும் சொல், ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிறேன். சட்டியில் மணல் நனைப்பதிலிருந்து கோடு பார்ப்பது வரைக்கும் அவள்தான் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, "பாட்டி பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லாதே. பத்து வயசில் என் பெரியப்பா எனக்குச் செய்ததை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு சொந்தம் என்று எனக்குத் தெரியும். என் மேல் இருக்கிற கோபம் அவளுடையது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அவள் வைத்துக்கொள்ளட்டும், யாரும் அதை அவள் கையிலிருந்து வாங்கக் கூடாது.

உன் அம்மா